தவில் தனியாகக் கேட்கிறது, நண்பரின் குரல் கேட்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 64. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறேன். கப்பல் பட்டறையில் 30 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஞாயிறுதோறும் தேக்கா உணவங்காடி நிலையத்தில் பழைய நண்பர்கள் ஐந்து பேர் கூடுவோம். ஓராண்டாக அங்கே யார் என்ன சொல்கிறார்கள் என்பதே எனக்குப் பிடிபடுவதில்லை. சத்தம் காதில் விழுகிறது, பேச்சு விளங்கவில்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன். இரண்டு வாரமாகப் போகவில்லை. காதுப் பரிசோதனை செய்துகொண்டேன். 'வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனைவியோ, 'உங்களுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, கவனம்தான் இல்லை' என்கிறார். எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. பங்குனி உத்திரத்தன்று எங்கள் வட்டாரத்துப் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில், அவ்வளவு கூட்டத்திலும் நாதஸ்வரம் தனி, தவில் தனி, மணி தனி என்று தெளிவாகக் கேட்டது. அங்கே கேட்ட காது தேக்காவில் ஏன் கேட்கவில்லை? கோளாறு காதிலா, மூளையிலா? இது மறதி நோயின் தொடக்கமா? காதுகேட்கும் கருவி வாங்கலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈசூன்

பதிலளிப்பவர்: செவித்திறன் நிபுணர்

ஐயா, வணக்கம்.

"மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன்" என்ற வரியைப் படித்ததும் உங்கள் கடிதத்தைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டேன். ஏறக்குறைய இதே சொற்களை என் அறையில் உட்கார்ந்து எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் மனைவியோ மகளோ வெளியே போன பிறகுதான் சொல்வார்கள், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. வெட்கப்பட வேண்டிய காரியம் எதையும் நீங்கள் செய்யவில்லை. கடினமான ஒரு வேலையை உங்கள் காதும் மூளையும் சேர்ந்து செய்ய முயல்கின்றன. அது நடக்காதபோது மரியாதைக்காகச் சிரிக்கிறீர்கள்.

மறதி நோய் பற்றிய பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். இன்று வீட்டில் மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மனைவியை எதிரே உட்காரச் சொல்லிக் கால் மணி நேரம் பேசிப் பாருங்கள். அவர் சொல்வதெல்லாம் விளங்குகிறதா? மறுநாளும் அது நினைவில் இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், உங்கள் நினைவாற்றலைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அமைதியான அறையில் கேட்டதே மறந்துபோகிறது, பழகிய வழியே தடுமாறுகிறது என்றால் அது வேறு விஷயம். தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, முதுமை மறதிக்கு இட்டுச் செல்லக்கூடிய, ஆனால் நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவு அதில் ஒன்று; ஆள் தொடர்பு இல்லாமல் தனித்துப் போவதும் ஒன்று. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தேக்காவுக்குப் போவதை நிறுத்தியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்தப் பரிசோதனை. ஒலி புகாத சிறிய அறையில் உங்களை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, 'பீப்' என்று மெல்லிய ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லியிருப்பார்கள். நொடிக்கு 250 அதிர்வு, அதாவது 250 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஓசையில் இருந்து, 8,000 ஹெர்ட்ஸ் என்ற உச்ச ஓசை வரை ஒவ்வொன்றும் எவ்வளவு மெல்லியதாக இருந்தால் உங்களுக்குக் கேட்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல பரிசோதனைதான். ஆனால் அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: நிசப்தத்தில் ஒற்றை ஓசை உங்களுக்குக் கேட்கிறதா? உங்கள் கேள்வியோ வேறு: பத்து ஓசைகளுக்கு நடுவே எனக்கு வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுக்க முடிகிறதா? முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாகச் சொல்லி உங்களை அனுப்பிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படிச் சிலரை அனுப்பியிருக்கிறேன். 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று நான் சொன்னபோது அவர்கள் முகத்தில் நிம்மதி வராததை அன்று நான் கவனிக்கவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

பிரித்தெடுப்பது ஏன் அவ்வளவு கடினம் என்பதைச் சொல்கிறேன். அரிசியில் கல் கலந்தால் முறத்தில் போட்டுப் புடைத்துவிடலாம். அரிசி அரிசியாகவும் கல் கல்லாகவுமே கிடக்கும். ஓசைகள் அப்படிக் கலப்பதில்லை. பாலில் நீர் கலப்பதைப் போலக் கலக்கின்றன. நாதஸ்வரம், தவில், மணி, பின்னால் நிற்கும் பெரியவரின் இருமல், அழும் குழந்தை என எல்லாமே காற்றில் ஒரே அலையாகக் கூடி, சுண்டுவிரல் நகமளவு உள்ள செவிப்பறையில் வந்து மோதுகின்றன. செவிப்பறை ஒன்று, ஒரு நேரத்தில் அதற்கு ஓர் அசைவுதான் உண்டு. அந்த ஓர் அசைவிலிருந்து இது நாதஸ்வரம், இது குழந்தை என்று நாம் பிரித்துவிடுகிறோம். பாலைப் பிரித்துண்ணும் அன்னத்தைப் பற்றி நம் முன்னோர் பாடிவைத்தார்கள். அந்த அன்னம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், இரண்டு காதுகளுக்கும் நடுவில் என்பேன்.

அது எப்படி வேலை செய்கிறது? உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. சுருளை விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம். அதன் வாயிலருகே உச்சமான ஓசைகளும், உள்ளே போகப் போகத் தாழ்ந்த ஓசைகளும் அதிர்வை எழுப்பும். அதாவது, வந்து சேரும் கலவையை அது உயரம் வாரியாக விரித்து வைத்துவிடுகிறது. இதைக் கண்டறிந்ததற்காகத்தான் கியார்க் வான் பெகெசிக்கு 1961இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் இதோடு வேலை முடிவதில்லை. நாதஸ்வரத்தின் ஒரே ஸ்வரம்கூட ஓர் இடத்தை மட்டும் அசைப்பதில்லை. 300 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் ஊதினால் 600, 900, 1,200 என்று அதன் மடங்குகளும் கூடவே எழுகின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். மணியும் அதே நேரத்தில் பல இடங்களை அசைக்கிறது. சுருளில் சிதறிக் கிடக்கும் இத்தனை துண்டுகளில் எது எதோடு சேரும்? அதை முடிவு செய்வது மூளை. மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பர்ட் பிரெக்மன் இந்தக் கேள்விக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டார். நான் படிக்கும் காலத்தில் என்னை இந்தத் துறையில் பிடித்து நிறுத்தியது அவருடைய ஆய்வுதான்.

மூளை சில தடயங்களைப் பார்க்கிறது. ஒரே அடிப்படை ஓசையின் மடங்குகளாக இருப்பவை ஒரே வாயிலிருந்தோ வாத்தியத்திலிருந்தோ வந்தவை என்று சேர்த்துக்கொள்கிறது. ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிபவற்றைச் சேர்க்கிறது. ஒன்றாக அசைபவற்றைச் சேர்க்கிறது. நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தைக் கமகத்தோடு அசைக்கும்போது அதன் மேற்சுரங்கள் அனைத்தும் சேர்ந்தே மேலும் கீழும் போகின்றன. மணியின் துண்டு எதுவும் அந்த அசைவில் கலந்துகொள்வதில்லை.

இதைப் பேசும்போது எனக்கு மிருதங்கம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. சாதாரணத் தோல் கருவியைத் தட்டினால் எழும் மேல் அதிர்வுகள் அடிப்படையின் முழு மடங்குகளாக இருப்பதில்லை. அதனால்தான் அது 'தொம்' என்று கேட்குமே தவிர, ஒரு சுருதியில் நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் கறுப்பாக ஒட்டப்படும் கரணை அந்த அதிர்வுகளை இழுத்துப் பிடித்து முழு மடங்குகளில் நிறுத்துகிறது. திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1920இல் இதை எடுத்துக்காட்டி எழுதினார். வேறு விதமாகச் சொன்னால், சிதறிப்போகும் துண்டுகளை ஒரே ஸ்வரமாக மூளை எப்படிச் சேர்த்துக்கொள்ளும் என்பதை, பெயர் தெரியாத நம் வாத்தியக் கைவினைஞர்கள் விரல் நுனியில் அறிந்து வைத்திருந்தார்கள். மிருதங்கக்காரர் வேகம் கூட்டி வாசிக்கும்போது கூர்ந்து கேளுங்கள். இடப்பக்கமான தொப்பியின் தாழ்ந்த ஓசைகள் ஓர் இழையாகவும், வலந்தலையின் உயர்ந்த ஓசைகள் இன்னோர் இழையாகவும் பிரிந்து ஓடும். வாசிப்பவர் ஒருவர்தான், காதுக்கு இருவர். உயரத்தில் விலகிய ஓசைகள் வேகமாக மாறி மாறி வந்தால் மூளை அவற்றை இரண்டாகப் பிரித்துவிடும் என்பதை பிரெக்மன் 1971இலேயே சோதனையில் காட்டியிருக்கிறார்.

இப்போது உங்கள் புதிருக்கு வருவோம். கோயிலில் நீங்கள் பிரித்துக் கேட்டவற்றை எண்ணிப் பாருங்கள். சீவாளி வழியே வரும் நாதஸ்வரத்தின் நீண்ட, அசையும் ஓசை. விரல்களில் கூடு மாட்டி ஒரு பக்கமும் கழியால் மறுபக்கமும் தட்டும் தவிலின் வெட்டு வெட்டான ஓசை. நெடுநேரம் கனத்து நிற்கும் மணி. தொடக்கம் வேறு, உயரம் வேறு, அசைவு வேறு. தடயங்கள் அத்தனையும் மூளையின் கையில் கிடைக்கின்றன. அதற்கு மேல், அங்கே நீங்கள் சொற்களைப் பிடிக்க வேண்டியதில்லை. தவிலின் ஓர் அடி தவறினாலும் தவில் தவிலாகவே கேட்கும்.

தேக்காவில் என்ன நடக்கிறது? ஐந்து நண்பர்கள், ஏறக்குறைய ஒரே வயது, எல்லாரும் ஆண்கள். பெரும்பாலான ஆண்களின் குரல் அடிப்படை 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு குறுகிய இடத்துக்குள் அடங்கிவிடும். ஒரே மொழி, ஒரே நடை. பக்கத்து மேசையிலும் அதே வயதுக்காரர்கள், அதே தமிழ். துண்டுகள் எல்லாம் ஒன்றைப் போலவே இருந்தால் எதை எதோடு சேர்ப்பது? காலின் செரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1953இல் இதைத்தான் சோதித்தார். ஒரே ஆள் வாசித்த இரண்டு பேச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்து, இரண்டு காதுக்கும் சேர்த்துக் கேட்கவைத்தார். கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் பிரிக்க முடிந்தது. அதே இரண்டு பேச்சுகளையும் ஒரு காதுக்கு ஒன்றாகக் கொடுத்தார். சிரமமே இல்லாமல் பிரித்துவிட்டார்கள்.

திசை அவ்வளவு பெரிய தடயம். இடப்புறம் இருந்து வரும் ஓசை வலக்காதுக்கு ஒரு கணம் பிந்தி வருகிறது. அதிகபட்சப் பிந்தலே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல நிலையில் உள்ள செவி, நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்ணிய வேறுபாட்டையும் உணரும். உடம்பில் வேறெந்த நரம்பு வேலையும் இத்தனை துல்லியத்தைக் கேட்பதில்லை என்று நினைக்கிறேன். உணவங்காடியின் சிமென்டுத் தரையும் பளிங்குப் பலகையும் தூண்களும் ஒவ்வோர் ஓசையையும் பல திசைகளில் திருப்பி அனுப்புகின்றன. நண்பரின் குரல் எதிரிலிருந்து ஒரு முறையும், தூணிலிருந்து ஒரு முறையும், மேற்கூரையிலிருந்து ஒரு முறையும் வந்து சேர்கிறது. முதலில் வந்ததையே நம்பி மற்றவற்றை ஒதுக்கும் திறமை மூளைக்கு உண்டு. ஆனால் பரோட்டாவைத் தட்டும் சத்தம், சட்டுவம் வாணலியில் உரசும் சத்தம், தட்டுகளை அள்ளிப் போடும் தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்கைப் போட வேண்டியிருந்தால் அது களைத்துப் போகிறது.

சத்தம் சற்றே தாழும் இடைவெளிகளில் பேச்சின் கீற்றுகளைப் பொறுக்கி, விட்டுப்போனதை ஊகித்து நிரப்புவதும் மூளையின் வழக்கம். ரிச்சர்ட் வாரன் 1970இல் ஒரு வாக்கியத்திலிருந்து ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கு வெட்டியது தெரியவில்லை. இல்லாத ஒலியையும் அவர்கள் கேட்டார்கள். ஆனால் நிரப்புவதற்கு ஓரளவாவது அடித்தளம் வேண்டும். கடை, தடை, படை, வடை என்ற நான்கு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேறுபாடு முதல் மெய்யில் மட்டும். அது கண் இமைக்கும் நேரம்கூட நீடிப்பதில்லை. பின்னால் வரும் உயிரோசை பலமானது, தாழ்ந்தது. மெய்யோசையோ மெலிந்தது, பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பது. வாணலியின் 'சர்' என்ற ஓசை அதே இடத்தில்தான் விழுகிறது. உயிர் காதில் விழுகிறது, மெய் மறைந்துவிடுகிறது. "சத்தம் காதில் விழுகிறது, பேச்சு விளங்கவில்லை" என்று எழுதியிருந்தீர்களே, நான் எழுதியிருந்தாலும் இதைவிடச் சரியாக எழுதியிருக்க முடியாது.

கப்பல் பட்டறையில் 30 ஆண்டுகள் என்று சொல்லியிருக்கிறீர்கள். இது முக்கியம். அடுத்த முறை போகும்போது உங்கள் பரிசோதனைத் தாளின் வலப்பக்கத்தை, அதாவது உச்ச ஓசைகளுக்கான பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். சம்மட்டியும் அரவை இயந்திரமும் பாழாக்கும் காதுகளில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுவது வழக்கம். 500, 1,000, 2,000 ஆகியவற்றின் சராசரியை மட்டும் பார்த்து 'இயல்பு' என்று எழுதிவிட்டால் அந்தப் பள்ளம் கணக்கில் வராமலே போய்விடும். மெய்யெழுத்துகள் வாழ்வதோ அங்கேதான்.

பள்ளமே இல்லாவிட்டாலும் சேதம் இல்லை என்று ஆகிவிடாது. 2009இல் பாஸ்டனில் ஷரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் இருவரும் எலிகளைச் சில மணி நேரம் பலத்த சத்தத்தில் வைத்தார்கள். சில வாரங்களில் அவற்றின் கேட்கும் திறன் பழையபடி திரும்பிவிட்டது. பரிசோதனையில் எல்லாம் சரி. நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்காதின் உணர்செல்களையும் செவி நரம்பையும் இணைக்கும் சந்திகளில் பெரும் பகுதி, சில இடங்களில் பாதி அளவு, அழிந்துபோயிருந்தது. மெல்லிய ஒற்றை ஓசையைச் சொல்ல மிஞ்சிய இணைப்புகள் போதும். இரைச்சலில் நேரத்தின் நுண்ணிய வேறுபாடுகளைச் சொல்ல அவை போதாமல் போகலாம். உயிருள்ள மனிதர் காதில் இந்தச் சந்திகளை எண்ணிப் பார்க்க வழியில்லை. ஆகவே உங்களுக்கு இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கோளாறு காதிலா மூளையிலா என்று நீங்கள் கேட்டதற்கு இதுவே என் விடை: காது அனுப்பும் கடிதத்தில் எழுத்துகள் மங்கியிருக்கின்றன, படிப்பவருக்கு, அதாவது உங்கள் மூளைக்கு, படிக்கும் திறன் இருக்கிறது. வயது ஏற ஏற அதன் வேகமும் கொஞ்சம் குறையும். இரண்டும் சேரும்போது தேக்கா கடினமாகிறது.

உங்கள் துணைவியாரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். அம்மா, 'கவனம் இல்லை' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கவனிக்காதவர் வீட்டுக்கு வந்து களைத்துப் படுக்க மாட்டார். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் 2012இல் ஓர் ஆய்வு நடந்தது. வலிப்பு நோய் அறுவை சிகிச்சைக்காக மூளை மேற்பரப்பில் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த நோயாளிகளுக்கு இரண்டு குரல்களை ஒரே நேரத்தில் கேட்கவைத்தார்கள். செவிக்குரிய மூளைப் பகுதியின் சைகைகளில் அவர்கள் கவனித்த குரலே ஓங்கி நின்றது, மற்றது ஒதுங்கிப்போனது. அப்படி ஒரு குரலைத் தூக்கி நிறுத்த முதலில் அது பிரிபட வேண்டும். பிரிபடாததை எவ்வளவு கவனித்தாலும் தூக்க முடியாது. உங்கள் கணவர் மற்றவர்களைவிட அதிகமாகவே கவனிக்கிறார்.

அம்மா, உங்களுக்கு இன்னொரு செய்தியும் வைத்திருக்கிறேன். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த தம்பதியரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு குரல்கள் மோதும்போது, அவற்றில் ஒன்று வாழ்க்கைத் துணையின் குரலாக இருந்தால் அதைப் பிரித்துக் கேட்பது எளிதாக இருந்தது. பழகிய குரல் மூளைக்கு ஒரு கைப்பிடி. ஆகவே நீங்கள் பேசுவது அவருக்கு நன்றாகக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சமையலறையில் கடுகு தாளித்துக்கொண்டும் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டும் சுவரைப் பார்த்துப் பேசினால் எந்தக் கைப்பிடியும் உதவாது. முதலில் அவரைக் கூப்பிடுங்கள், பெயர் சொல்லியோ நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் விதத்திலோ. தன் பெயர் தனி வாசல் வழியே நுழையும். கவனிக்காத காதில் ஒலித்தாலும் மூன்றில் ஒருவர் தம் பெயரைப் பிடித்துவிட்டதை நெவில் மோரே 1959இல் கண்டார். அவர் திரும்பிப் பார்த்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். ஓசைகளைப் பிரித்து ஒரு குரலில் நிலைகொள்ள மூளைக்குச் சில நொடிகள் ஆகின்றன; அதற்குள் பாதி வாக்கியம் போய்விட்டால் 'என்ன?' என்றுதான் கேட்பார்.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஐயா, போங்கள். ஆனால் உட்காரும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். மதிய உணவுக் கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், வாணலிக் கடைகளுக்கும் தட்டு அடுக்கும் இடத்துக்கும் தள்ளி, ஓர் ஓரத்து மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிடுங்கள். நண்பர்கள் முகமும் கடைகளின் இரைச்சலும் ஒரே திசையில் இருக்கக் கூடாது. நண்பர்கள் எதிரே இருந்தால் கடைகள் உங்கள் பக்கவாட்டிலோ முதுகுக்குப் பின்னோ இருக்கட்டும். எல்லாரிலும் மெல்லப் பேசுகிறவரை நேர் எதிரே உட்காரச் சொல்லுங்கள். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். உதடுகளைப் பார்ப்பதால் கிடைக்கும் உதவி சின்ன உதவி என்று எண்ணிவிடாதீர்கள். 1954இலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள், பேசுகிறவர் முகம் தெரிவது இரைச்சலைப் பல டெசிபல் குறைத்ததற்குச் சமம். 'ப' சொல்லும்போது உதடு மூடும், 'த' சொல்லும்போது மூடாது. வாணலி மறைத்ததைக் கண் எடுத்துக் கொடுத்துவிடும்.

பேச்சு தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் தாவும்போது இன்னும் சிரமமாக இருக்கிறதா? நம் ஊரில் இது நடக்காத மேசை இல்லை. இரைச்சலில் தாய்மொழிதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். விட்டுப்போன சொல்லை ஊகிக்க அதில்தான் நமக்கு நிறையக் கையிருப்பு உண்டு. 'எனக்காகத் தமிழிலேயே பேசுங்கப்பா' என்று கேட்டுவிடுங்கள். அதோடு, ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். பேச்சு எதைப் பற்றியது என்று உங்கள் பக்கம் குனிந்து ஒரு சொல் சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும். 'பேரனின் கல்யாணம்' என்று தெரிந்துவிட்டால் மீதியை மூளை பிடித்துக்கொள்ளும்.

கருவி வாங்கலாமா என்பது கடைசிக் கேள்வி. இணையத்தில் பார்த்து அவசரப்பட்டு வாங்க வேண்டாம். வெறுமனே ஒலியைப் பெருக்கும் கருவி, நண்பரையும் பெருக்கும், வாணலியையும் பெருக்கும். உங்கள் தாளில் அந்தப் பள்ளம் இருக்குமானால், அதற்கேற்பப் பொருத்திய நல்ல கருவி இரண்டு காதிலும் இருப்பது நிச்சயம் உதவும். இரண்டு காது என்று அழுத்திச் சொல்கிறேன். ஒரே காதில் மாட்டினால் திசை அறியும் கணக்கு குலைந்துபோகலாம். முன்னால் இருந்து வருவதைத் தூக்கி, பின்னால் இருந்து வருவதைத் தாழ்த்தும் வசதி இப்போது பல கருவிகளில் உண்டு. மேசை நடுவில் வைக்கவோ நண்பர் சட்டையில் மாட்டவோ சின்ன ஒலிவாங்கியும் சிலவற்றோடு கிடைக்கிறது. தேக்கா போன்ற இடத்துக்கு அந்தச் சின்ன ஒலிவாங்கிதான் பெரிய உதவி என்பது என் அனுபவம். மாட்டிய முதல் வாரம் எல்லாமே கரகரவென்று கேட்கும். கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் தொடங்கிப் படிப்படியாக வெளியே பழகுங்கள். சில வாரங்கள் பிடிக்கும்.

அதற்கு முன், உங்கள் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனையின் செவித்திறன் பிரிவுக்குப் போங்கள். அப்படிப் போனால் மானியக் கட்டணத்தில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே 'இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் பரிசோதனை வேண்டும், நான் கப்பல் பட்டறையில் இருந்தவன்' என்று இதே சொற்களில் கேளுங்கள். காதில் மெழுகு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனாலோ, தலைசுற்றலோடு கேட்கும் திறன் குறைந்தாலோ, எந்தக் கடிதத்துக்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும். அதற்கான சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் கணக்கு.

போகும்போது துணைவியாரையும் அழைத்துச் செல்லுங்கள். பழைய பரிசோதனைத் தாளை எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்; புதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இடையில் என்ன மாறியது என்பது தெரியும்.